அம்மாவின் பூஜ்யங்கள்

ஜூன் 3, திங்கள்

எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும், மெர்லின் சிஸ்டர். நீங்கள் கொடுத்த நோட்டில் ஒரு நாளைக்கு நான்கு கட்டங்கள்தான். வலி, சாப்பாடு, தூக்கம், உடனிருப்பவர் நலம். அவற்றை நிரப்பினால் போதும் என்றீர்கள். ஆனால் கட்டங்கள் எல்லாம் வலப்பக்கத்தில் இருக்கின்றன. இடப்பக்கம் முழுவதும் வெறும் தாள். அவ்வளவு தாளைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. நேரில் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. மூன்று வருடம் கல்லூரியில் கணிதம் படித்தேன், ஒரு நாளும் எழுந்து சந்தேகம் கேட்டதில்லை. எழுதினால் கொஞ்சம் வரும். வேண்டாத பக்கம் என்றால் கிழித்துவிடுங்கள்.

அம்மாவின் பெயர் பூவாயி, வயது நாற்பத்தேழு. ஊர் பெரம்பலூர் பக்கம் அரசலங்காடு. என் பெயர் கோகிலவாணி. அம்மாவுக்கு இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து, கீமோவும் முடிந்து, தலையில் முடி புல் மாதிரி முளைத்திருக்கிறது. இப்போது கதிர்வீச்சு. எங்கள் பக்கத்தில் அதைக் கரண்ட் வைப்பது என்போம். திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் இருபத்தைந்து முறை. கீமோவுக்குச் சென்னைக்கு வந்து வந்து போனோம். இதற்கு அப்படி முடியாது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. ஜன்னலோரக் கட்டில். அம்மா வந்தவுடன் ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டு, "நம்ம வீட்ல கூட இம்புட்டுக் காத்து வராது" என்றாள்.

நஸ்ரின் டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருபத்தஞ்சும் விடாம முடிக்கணும். நடுவுல ஊருக்குப் போயிட்டா வச்சதுக்கும் பலன் கொறஞ்சிடும். தூரத்து ஊர்க்காரங்கதான் பாதியில போயிடறாங்க."

அம்மா கும்பிட்டு, "போவ மாட்டேங்க" என்றாள். அப்பாவிடமும் போனில் அதையே சொல்லியிருக்கிறேன். இருபத்தைந்தும் முடித்துவிட்டுத்தான் வருவோம்.

இன்று ஒன்று.

ஜூன் 4, செவ்வாய்

வலி 0. அம்மாவுக்கு மெஷினைப் பார்த்துப் பயம் இல்லை. அந்த அறையின் குளிருக்குத்தான் பயப்படுகிறாள். "வெங்காயத்த இங்க போட்டு வச்சா ஒரு வருசம் கெடாது."

உடனிருப்பவர்: நலம்.

ஜூன் 6, வியாழன்

இன்று நீங்கள் வந்தீர்கள். பூஜ்யம் முதல் பத்து வரை எழுதிய அட்டையைக் காட்டி, "பூவாயி அம்மா, எப்பிடி இருக்கிய? வலி எவ்வளவுன்னு தொட்டுக் காட்டுங்க பாப்போம்" என்றீர்கள். அம்மா அட்டையைப் பார்க்காமல், "நல்லாருக்கேன் தாயி" என்றாள். மறுபடி கேட்டதும் பூஜ்யத்தைத் தொட்டாள். நீங்கள் போனபிறகு என்னிடம், "அந்தப் புள்ள இளுத்து இளுத்துப் பேசறது கேக்க நல்லாருக்குடி. எந்த ஊரு?" என்றாள். நாகர்கோவில் பக்கம் என்றேன். "நம்மளவிடத் தூரமா?" என்று கேட்டு உங்களுக்காக வருத்தப்பட்டாள்.

இந்த நோட்டுகள் எதற்கென்றும் விளக்கினீர்கள். தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களும் சென்னையிலேயே இருப்பவர்களும் சிகிச்சையின்போது எப்படி இருக்கிறார்கள், யாருக்கு என்ன குறை என்று பார்க்கிறீர்கள். நல்ல வேலை.

பிறகு உடனிருக்கும் பெண்களை எல்லாம் கூடத்துக்கு அழைத்து, ஒரு ரப்பர் மார்பை மேசையில் வைத்து, வீட்டில் நம்மை நாமே எப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று காட்டினீர்கள். நான் கடைசி வரிசையில் நின்றேன். ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பாருங்கள் என்றபோது தண்ணீர் கேன் நிரப்ப வேண்டியிருந்ததால் வந்துவிட்டேன். மன்னிக்கவும்.

நான்கு முடிந்தது. உடனிருப்பவர்: நலம்.

ஜூன் 7, வெள்ளி

இன்று கரண்ட் வைக்கவில்லை. தவறு எங்களுடையது.

எங்கே வைக்க வேண்டும் என்று அம்மாவின் நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அழியக் கூடாது, தேய்க்கக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சொன்னார்கள். காலையில் அம்மா குளித்துவிட்டு மஞ்சள் முகத்தோடு வந்தாள். நெஞ்சில் ஒரு கோடுகூட இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பீர்க்கங்கூட்டைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, யாரோ கிறுக்குன மைய ஒடம்புல வச்சிக்கிட்டா சாமி கும்புடச் சொல்ற?"

மெஷின் போடும் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. மறுபடி அளந்து மறுபடி கோடு போட ஒரு மணி நேரம் ஆனது, எங்கள் முறை போய்விட்டது. ஒரு ஆண் கை பட்டுக் கோடு போடுவதை அம்மா கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரமும் என் கையை விடவில்லை. சாமிக்காக மட்டும் அவள் தேய்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

சார் கடைசியில் அம்மாவிடம், "இதயும் அழிச்சீங்க, அடுத்த தடவ பச்சையே குத்திருவேன்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். அவருக்கும் நன்றி.

ஜூன் 11, செவ்வாய்

நேற்றிலிருந்து எங்களுக்கு அடுத்த முறையில் ஒரு புது ஆள். சுபத்ரா. மின்வாரிய அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வில்லிவாக்கம். ஆட்டோவில் வருகிறார், அரை மணி நேரம். முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தன் கட்டிலில் படுத்துக்கொள்வாராம். அவருக்குப் பதினாறு முறை போதுமாம்.

கூட யாரும் வருவதில்லை. மகன் ஐதராபாத்தில். துணி மாற்றும் அறைக்குள் போகும்போது கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நேற்று கழுத்தில் மாட்டிக்கொண்டே நின்றார். இன்று அம்மா கையை நீட்டி, "குடு யக்கா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் திரும்பி வரும்வரை யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"பெரியம்மான்னு கூப்புடுடி" என்றாள் என்னிடம்.

"பெரியம்மாவா?" சுபத்ரா சிரித்தார். "வேணாம்மா, எங்க தெருவுல எல்லாரும் ஆன்ட்டிதான் சொல்றாங்க. நீ மட்டும் என்னை ஒரேயடியா கிழவியாக்காதே."

வலி 0. உடனிருப்பவர்: நலம்.

ஜூன் 13, வியாழன்

நீங்கள் வந்து வலப்பக்கங்களை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டீர்கள். இடப்பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள், படிக்கவில்லை. "நீ எழுது மக்கா, கடைசியில வாங்கிட்டு உக்காந்து படிக்கேன்" என்றீர்கள். நிம்மதியாக இருந்தது.

சுபத்ரா ஆன்ட்டியிடமும் அட்டையைக் காட்டினீர்கள். அவர் உடனே, "ஆறு" என்றார். தோள் ஆறு, முதுகு ஆறு, அந்த மேசையில் படுப்பது ஏழு. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நீங்கள் போனதும், "ஊசியப் பாத்தாலே ஆறுங்கறியே யக்கா!" என்று கேட்டேவிட்டாள்.

"ஆறுன்னு சொன்னாத்தான் பூவாயி திரும்பிப் பாப்பாங்க. முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல இருந்தவ நான். பேப்பர்ல ஏறாத விஷயம் நடக்காத விஷயம், தெரிஞ்சுக்கோ."

அவருக்கு நோய் இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அலுவலகத்தில் வருடம் ஒருமுறை பெண்களுக்கு முகாம் நடக்குமாம். கடைசி வருடம் காபியும் பிஸ்கட்டும் தருவார்களே என்று போனாராம். மெஷினில் மிளகு அளவு தெரிந்திருக்கிறது. கைக்குத் தட்டுப்படவே இல்லையாம். அம்மாவுக்கு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து, ஜாக்கெட்டில் கறை பட்டபிறகுதான் எங்களுக்கே தெரியும். பதினான்கு மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். எங்கள் ஊருக்கு அருகே உள்ள ஆஸ்பத்திரியில் அப்போது ஆண் டாக்டர்தான்.

"வலிக்காமயே இருக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"வலிக்காததுதான் ஜாஸ்தியாம்."

"எல்லாக் கட்டியும் இதுதானா?"

"இல்லடி. முக்காவாசி ஒண்ணுமில்லாத கட்டிதானாம். ஆனா பாத்தாத்தானே தெரியும்?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேக்கறே?"

நோட்டில் எழுத என்றேன்.

எட்டு முடிந்தது. உடனிருப்பவர்: நலம்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. கரண்ட் இல்லை. அம்மாவுக்கு வேலை இல்லாமல் கை நமநமத்தது. விடுதி சமையலறையில் சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் போய் உட்கார்ந்துவிட்டாள். இவள் ஒரு படி உரிக்கும் நேரத்தில் மற்றவர்கள் கால் படி உரித்தார்கள். ஆனால் வழக்கம் போல இல்லை, இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு கையாலேயே உரித்தாள்.

அங்கே இருந்தவர்களிடம் பக்கத்து ஊர் செல்லாயியின் கதையைச் சொன்னாள். செல்லாயிக்கும் இதே நோய். எங்கேயோ பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வலி தாங்காமல் கத்தியிருக்கிறாள். மறுநாளே சீட்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்களாம். அந்த வருடம் ஆடி பிறப்பதற்குள் செல்லாயி போய்விட்டாள்.

"கத்துனா. அனுப்பிட்டாங்க" என்றாள் அம்மா, அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு.

ஜூன் 20, வியாழன்

வலி 0.

இன்று நீங்கள் சந்தோஷமாக ஒன்று சொன்னீர்கள். "ஊர்க்காரங்க பலசாலிதான். டவுண்காரங்க ஆறு, ஏழுங்காவ. உங்க பக்கத்து ஆளுங்க நோட்ட எடுத்தா பூஜ்யம், ஒண்ணு, பூஜ்யம். வலியே தெரியல பாருங்க."

பக்கத்துக் கட்டில்களில் இருந்த திண்டிவனத்து அம்மாவும் அரூர் அக்காவும் பெருமையாகச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சராசரி எடுக்கத் தெரிந்தவள் நான்.

உடனிருப்பவர்: நலம்.

ஜூன் 21, வெள்ளி

வலி 0. அம்மாவின் துணியைத் தனி வாளியில் துவைத்தேன். கொஞ்சம் நேரம் பிடித்தது.

பதின்மூன்று முடிந்தது.

ஜூன் 25, செவ்வாய்

வலி 0. சாப்பாடு: இட்லி மூன்று. தூக்கம்: உட்கார்ந்தபடி. ஜன்னல் காற்று நன்றாக இருக்கிறது, அதனால் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள்.

விசிறி வாங்கி வந்தேன். உடனிருப்பவர்: நலம்.

ஜூன் 27, வியாழன்

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இதில் பாதி நீங்கள் பார்த்ததுதான்.

துணி மாற்றும் அறையில் நானும் அம்மாவும் சுபத்ரா ஆன்ட்டியும் இருந்தோம். அம்மா திரும்பி நின்றுகொண்டு ஜாக்கெட்டைக் கழற்றினாள். அக்குளருகே துணி ஒட்டிக்கொண்டு வரவில்லை. சத்தம் போடாமல் பல்லைக் கடித்து இழுத்தாள். ஆன்ட்டி கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஏய் பூவாயி, என்னது அது? கையத் தூக்கு."

"ஒண்ணுமில்ல யக்கா. வேக்காடு."

"கையத் தூக்குன்னேன்!"

அம்மா தூக்கவில்லை. ஆன்ட்டி பிடித்துத் தூக்கினார். அக்குள் முதல் விலா வரை தோல் உரிந்து, சிவந்து, ஈரமாக இருந்தது. கையகலம்.

"இதுவா ஜீரோ? கோகிலா, இதுதான் ஜீரோவாடி? கணக்குப் படிச்சவதானே நீ?"

ஆன்ட்டி கரண்ட் வைக்கப் போட்டிருந்த பச்சை அங்கியோடேயே அம்மாவை இழுத்துக்கொண்டு மாடியேறினார். வழியில் காவலாளி தடுத்ததற்கு, "நீயும் கூட வா, டாக்டர் ரூமக் காட்டு" என்றார். வரிசையில் இருந்த எல்லோரையும் தாண்டி நஸ்ரின் டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

டாக்டர் கோபப்படவில்லை. புண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இது ரெண்டு நாள்ல வந்ததில்ல. வலிக்கலையாம்மா?"

"பூஜ்யந்தாங்க."

டாக்டர் புண்ணைத் துடைத்து முடித்தார். பிறகு, "ஊர்ல என்ன வேலை உங்களுக்கு?" என்றார்.

"வெங்காயக் காடுங்க. நடறது, களை எடுக்கறது, தாள் அரியறது."

"இப்ப இந்தக் கையால களைவெட்டி புடிக்க முடியுமா?"

அம்மா அந்தக் கேள்விக்குச் சிரித்தாள். "களைவெட்டியா! ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்ட முடியலங்க. பத்து நாளா கோகிலாதான் மாட்டிவுடறா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

புதன்கிழமை வரை கரண்ட் வேண்டாம், மருந்து போட்டு ஆறட்டும் என்றார் டாக்டர். அவ்வளவுதான், அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குக்கூட அழாதவள் அழுதாள். "அனுப்பிடாதீங்க தாயி. கத்த மாட்டேன். பொறுத்துக்கறேன். இன்னும் ஒம்போதுதான், அனுப்பிடாதீங்க."

யாரும் அனுப்பவில்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். "வலிக்குதுன்னு சொன்னா அனுப்ப மாட்டோம்மா. நாலுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு களிம்போட போயிருக்கும். சொல்லாததுனாலதான் இப்ப நாலு நாள் போகுது."

செல்லாயியின் கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். இரண்டு வாக்கியம். அவ்வளவுதான் வந்தது.

ஜூன் 28, வெள்ளி

அம்மா களிம்பு போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். மல்லாந்து படுத்துத் தூங்கிப் பத்து நாள் ஆகிறது என்று இன்றுதான் சொன்னாள். சுபத்ரா ஆன்ட்டி தன் முறை முடிந்ததும் விடுதிக்கு வந்தார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"கோவமா?"

"அத்தினி ஆம்பளைங்க முன்னாடி படியேத்தி இளுத்துக்கிட்டுப் போனியே, ஒன்ன யாரு கேட்டா?"

"நான் மட்டும் என்ன, பட்டுப்புடவையா கட்டியிருந்தேன்? முதுகு தெறந்த அங்கியோடதான் வந்தேன்."

ஆன்ட்டி கொண்டுவந்த ரசம் சாதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைச் சாப்பிட்டாள், ஆனால் திரும்பவில்லை.

சிஸ்டர், ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். புண் எனக்குத் தெரியும். இருபத்தொன்றாம் தேதி துவைக்கும்போது துணியில் பார்த்தேன். கேட்டதற்கு, "எழுதிப்புடாத பாப்பா, ஒன் கால்ல வேணா விழறேன்" என்றாள். எழுதவில்லை. எழுதாததற்கு அவள் கெஞ்சியது மட்டும் காரணமில்லை. எழுதினால் நீங்கள் கேட்பீர்கள், நான் பேச வேண்டும். பூஜ்யம் என்று போட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

இருபத்தொன்றிலிருந்து அம்மாவின் பூஜ்யங்கள் பொய். அதற்கு முன்னால் உள்ளவையும் சந்தேகம்தான். அந்த இடங்களில் ஐந்து, ஆறு என்று இப்போது நானாகப் போட முடியாது, அதுவும் பொய்யாகும். அடித்துவிட்டு, தெரியாது என்று போடுங்கள். திண்டிவனத்து அம்மாவின் நோட்டையும் அரூர் அக்காவின் நோட்டையும் ஒருமுறை பாருங்கள். அந்த அம்மா நேற்றிரவு முதுகில் தைலம் தேய்க்கச் சொல்லி என்னிடம் கேட்டார். அவர் நோட்டில் ஒன்று என்று இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வலி தெரியவில்லை என்று உங்கள் கணக்கில் வந்துவிடக் கூடாது.

ஜூலை 2, செவ்வாய்

சுபத்ரா ஆன்ட்டிக்கு இன்று பதினாறாவது, கடைசி. எங்களுக்கு இன்று அங்கே வேலை இல்லை. ஆனால் பத்து மணிக்கு அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நேராக மெஷின் அறை வாசலுக்குப் போனாள். ஆன்ட்டி கழுத்தில் கைப்பையை மாட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"யக்கா, பைய இப்படிக் குடு."

ஆன்ட்டி கொடுத்தார். பதினைந்து நிமிடம் அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்த ஆன்ட்டி, கடைசி நாளன்று மகன் வருவதாகச் சொல்லியிருந்தான், லீவு கிடைக்கவில்லையாம் என்றார். அம்மா, "அதுக்கென்ன, நாங்க வந்தமே" என்றாள். பிறகு மூவரும் கேண்டீனில் காபி குடித்தோம். ஆன்ட்டி தன் காபி சூடு பத்தவில்லை என்று திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். அம்மா அதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். தன் டம்ளரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஆறித்தான் இருக்கு" என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

ஜூலை 3, புதன்

மறுபடி ஆரம்பித்தார்கள். புண் காய்ந்திருக்கிறது. பதினேழு.

ஜூலை 4, வியாழன்

நீங்கள் வந்தபோது என்னைத் திட்டுவீர்கள் என்று கட்டிலுக்குப் பின்னால் நின்றேன். திட்டவில்லை. அட்டையைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, இன்னைக்கு ஊர்ல இருந்தா என்ன வேலை செஞ்சிருப்பிய? என்ன வேலை முடியாது?" என்று கேட்டீர்கள்.

அம்மா யோசித்தாள். "கொடியில துணி போட முடியும். கொடத்த இடுப்புல வைக்க முடியாது. ஆட்டுக்குத் தழை ஒடிக்க முடியாது, எட்டாது. பால் கறக்கலாம்."

நீங்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீர்கள். திண்டிவனத்து அம்மாவிடமும் இப்படியே கேட்டீர்கள். அவர் சொல்லச் சொல்ல உங்கள் பக்கம் நிறைந்துவிட்டது. சற்று நேரத்தில் அவருக்கும் அரூர் அக்காவுக்கும் மாத்திரை வந்தது. அந்த அம்மா மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

வலி: இன்று ஊக்கை அம்மாவே மாட்டினாள். உடனிருப்பவர்: நலம்.

ஜூலை 9, செவ்வாய்

அப்பா போன் செய்தார். வெங்காயம் நட்டாகிவிட்டதாம். அம்மா இல்லாமல் நட்டதால் வரிசை கோணல் என்று தெருவே சிரிக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவராகப் போனை வாங்கி அம்மாவிடம் பேசினார்கள். ஆன்ட்டிக்கு இத்தனை பேர் இல்லை. எங்களுக்கு அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி இல்லை. எதற்கு எதை ஈடு வைப்பது என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

அம்மா நல்ல மனநிலையில் இருந்தாள். அதனால் இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"பதினாலு மாசம் ஏம்மா சொல்லல? எங்கிட்டக்கூட வெக்கமா?"

"வெக்கந்தான். வேற யார்ட்ட காட்டறது?" பிறகு, "ஒனக்குக் கடைசி வருசப் பரீட்ச இருந்துச்சு. நம்ம வூட்ல மொதல்ல படிக்கற புள்ள, அது முடியட்டும்னு இருந்தேன். அப்பறம் வெங்காயம் எடுக்கற நேரம். அப்பறம் ஒங்க மாமன் வூட்டுக் கல்யாணம். ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு பாப்பா."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

இருபத்தொன்று. உடனிருப்பவர்: நலம்.

ஜூலை 11, வியாழன்

ரப்பர் மார்பு வகுப்பு மறுபடி நடந்தது. இந்த முறை இரண்டாம் வரிசையில் நின்றேன்.

ஜூலை 15, திங்கள்

இருபத்தைந்து.

அம்மா வெளியே வந்ததும் மெஷின் போடும் சார் கதவருகே நின்று, "இனிமே பீர்க்கங்கூடு போட்டுத் தேச்சுக்கலாம்மா, ஒரு மாசம் கழிச்சு" என்றார். அம்மா அவரைக் கும்பிட்டாள். நஸ்ரின் டாக்டரைக் கும்பிட்டாள். மெஷின் இருந்த பக்கம் திரும்பி அதையும் கும்பிட்டாள்.

சுபத்ரா ஆன்ட்டி வில்லிவாக்கத்திலிருந்து வந்திருந்தார், கையில் ஒரு டப்பா மைசூர்பாகு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அம்மா அப்பாவின் செலவை நினைத்து முகம் சுருங்கினாள். ஆன்ட்டி பார்த்துவிட்டார். "முதல் நாளே வந்து எங்க வீட்ல தங்கு. ரெண்டு ரூம் சும்மா பூட்டிக் கெடக்கு. ஆனா என் கிச்சனுக்குள்ள வந்து எல்லாத்தையும் மாத்தி வைக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

"ஒன் ரசத்த மட்டும் நான் வைப்பேன்" என்றாள் அம்மா. "அதுல உப்பே இல்ல. ஆறு."

ஆன்ட்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாளை ஊருக்குக் கிளம்புகிறோம். காலை பத்து மணிக்கு இந்த நோட்டை வாங்க வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இந்த ஆறு வாரத்தில் கிடைத்ததை எல்லாம் எழுத இந்தத் தாள் போதாது. ஜன்னலோரக் கட்டில். களிம்பு. கோடு போட்ட ஒரு மணி நேரம். நீங்கள் அட்டையைப் பைக்குள் வைத்த அந்த நிமிடம். எல்லாவற்றுக்கும் நன்றி, சிஸ்டர்.

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. தினமும் எழுத நினைத்து, வேறு எதையோ எழுதி மூடிவிடுவேன்.

அம்மாவின் கட்டங்களைத் திருத்தச் சொன்னேன். நான்காவது கட்டத்தையும் திருத்த வேண்டும். உடனிருப்பவர் நலம் என்று எழுதியவையும் அம்மாவின் பூஜ்யங்களைப் போன்றவைதான். மாசி மாதம் குளிக்கும்போது எனக்கும் ஒன்று தட்டுப்பட்டது. வலது பக்கம். புளியங்கொட்டை அளவு. வலிக்கவில்லை. விரல் வைத்தால் நகர்கிறது. அப்போது அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது, அது முடியட்டும் என்று இருந்தேன். பிறகு கரண்ட் முடியட்டும் என்று இருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. ஆன்ட்டிக்குச் சந்தேகம் இருக்கலாம்.

நாளை இந்தப் பக்கத்தை மடித்து உங்கள் கையில் தருவேன். அங்கேயே நின்று படியுங்கள். நான் வாசலில்தான் இருப்பேன், தண்ணீர் பிடிக்கப் போக மாட்டேன். வாயால் சொல்லச் சொல்லாதீர்கள், வராது. எங்கள் பஸ் மதியம் இரண்டரைக்கு. தேவைப்பட்டால் அடுத்த நாள் பஸ்ஸில் போகிறோம்.

என்னையும் ஒரு தடவை பாருங்கள், சிஸ்டர். பெண் டாக்டராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வருவேன்.